49 வினாடிக்குப் பின்னால்... ஒரு பின்வாசல் சுற்றுலா!

டிவியில் நாம் பார்க்கும் 400 மீட்டர் ஓட்டம் வெறும் 49 வினாடி. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே என்னென்ன நடக்கிறது தெரியுமா? சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குக் கால் பரபரக்கிறது! வாங்க, அயர்லாந்தின் அதிவேகப் பெண் ரஷிதத் அடெலெக்கேயின் உலகத்துக்குள் பின்வாசல் வழியாகப் போவோம்.

முதல் நிறுத்தம், அழைப்பு அறை. ஒலிம்பிக் மாதிரிப் பெரிய போட்டிகளில் யாரும் நேராக மைதானத்துக்குள் ஓடி வந்துவிட முடியாது. பக்கத்திலுள்ள பயிற்சி டிராக்கில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு இந்த அறையில் ஆஜராக வேண்டும். தாமதமானால் போட்டியே கைநழுவிப் போகலாம். ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணி நீளம்வரை சரிபார்ப்பார்கள். போன் கூடாது, ஹெட்போன் கூடாது. கோச் வெளியிலேயே நின்றுவிடுவார். இன்னும் சில நிமிடங்களில் யாரை முந்தவேண்டுமோ, அவர்களோடு ஒரே அறையில் முட்டி உரசும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாடி! அந்த அறையே தனி விளையாட்டு!

2024 ஆகஸ்ட் 9, பாரிஸ். பெண்கள் 400 மீட்டர் இறுதிப் போட்டிக்காக ரஷிதத் அந்த அறையைக் கடந்து ஊதா நிற டிராக்குக்கு வந்தார். ஒலிம்பிக் தனிநபர் ஸ்பிரிண்ட் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓர் ஐரிஷ் பெண் நின்றது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு 21 வயது!

இந்தப் பெண் வளர்ந்தது டப்ளினின் தென்மேற்கில் இருக்கும் டாலா பகுதியில். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். டாலா கிளப்பின் டிராக்கில்தான் ஓட்டம் சூடுபிடித்தது. 15 வயதில், 2018இல், ஹங்கேரியின் கியோரில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியில் 200 மீட்டர் தங்கம். அடுத்த ஆண்டு பாகு நகரில் நடந்த ஐரோப்பிய இளையோர் விழாவில் 100, 200 இரண்டிலும் தங்கம். 2021இல் எஸ்தோனியாவின் டாலின் நகரில், 20 வயதுக்கு உட்பட்டோர் போட்டியிலும் அதே ஜோடித் தங்கம்!

கவனித்தீர்களா? எல்லாமே 100, 200. அப்படியானால் அவரை 400க்கு இழுத்து வந்தது யார்?

அதற்கு நாம் அமெரிக்காவுக்குப் பறக்க வேண்டும். 2021 தொடக்கத்தில் ரஷிதத் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவரை 400 பக்கம் திருப்பியவர் கோச் எட்ரிக் ஃப்ளோரியல். அந்தக் கோச்சின் குழுவில் ரஷிதத்தின் பக்கத்தில் தினமும் ஓடியது யாரென்று நினைக்கிறீர்கள்? செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரெட்! பின்னாளில் பாரிஸில் 100 மீட்டர் தங்கம் வென்ற அதே ஜூலியன்! பயிற்சியிலேயே இப்படி ஒருவரைத் துரத்திக்கொண்டிருந்தால் வேகம் வராமல் எங்கே போகும்?

400 மீட்டர் கொடுமையான தூரம். முழு வேகத்தில் 400 மீட்டரையும் ஓட மனித உடம்பால் முடியாது. கடைசி 100 மீட்டரில் எல்லாருமே வேகம் இழக்கிறார்கள். நம் கண்ணுக்குச் சீறிப் பாய்வதுபோலத் தெரிபவர் உண்மையில் மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழப்பவர். 200 மீட்டர் வேகம் கையிருப்பில் இருந்தால் முதல் பாதியை அலட்டிக்கொள்ளாமல் கடக்கலாம். ரஷிதத்தின் பலம் அதுதான். 2023 ஜூனில் ஆஸ்டினிலேயே நடந்த அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாம்பியன்ஷிப்பில், ஒரே மாலையில் ஜூலியனோடு 4x100 ரிலேயில் வென்றார், 400 மீட்டரை 49.20 வினாடியில் ஓடியும் வென்றார். கல்லூரிப் பெண் அன்றைக்கு எழுதியது அயர்லாந்தின் தேசிய சாதனை!

2024 ஜூனில் ரோம், ஐரோப்பியச் சாம்பியன்ஷிப். ஆறே நாளில் மூன்று பதக்கம்! கிறிஸ் ஓ'டானல், தாமஸ் பார், ஷார்லீன் மாட்ஸ்லி ஆகியோருடன் ஆண், பெண் கலப்பு ரிலேயில் தங்கம். தனிநபர் 400இல் 49.07 வினாடியில் வெள்ளி, மறுபடியும் தேசிய சாதனை. பெண்கள் ரிலேயில் இன்னொரு வெள்ளி.

இந்த இடத்தில் மேவ் கைலை நினைக்காமல் எனக்கு நகர மனமில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் 100, 200 மீட்டர் ஓடியவர், தடகளத்தில் அயர்லாந்தின் முதல் ஒலிம்பிக் பெண். கணவரையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஒரு பெண் ஓடப் போகலாமா என்று அன்றைக்குச் செய்தித்தாளுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள்! அவர் போனார், ஓடினார். அடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளிலும் ஓடினார். நடுவில் அயர்லாந்துக்காக ஹாக்கியும் ஆடினார். என்ன மனுஷி!

சரி, பாரிஸுக்குத் திரும்புவோம். 400 மீட்டர் இறுதியில் ரஷிதத் 49.28, நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.30 வினாடி. நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு. ஆனால் மறுநாளே பெண்கள் 4x400 ரிலே இறுதி! அந்த இறுதிக்கு அணியைக் கொண்டுவந்ததில் ஒரு பங்கு கெல்லி மெக்ரோரியுடையது. ரஷிதத் தன் தனிநபர் இறுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே நாள் காலையில், தகுதிச் சுற்றில் அவர் இடத்தில் ஓடியவர் கெல்லி. இறுதிப் போட்டி ஒளிபரப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்!

ரிலேயின் உள்விவகாரம் இன்னும் ருசி. முதல் ஆள் முழுச் சுற்றும் தன் லேனிலேயே ஓட வேண்டும். இரண்டாம் ஆள் முதல் வளைவு முடியும்வரைதான் லேனில் இருப்பார். அதற்குப் பிறகு எல்லாரும் உள்பக்கம் பாயலாம். யார் முதலில் நல்ல இடம் பிடிப்பது என்று முழங்கை உரசும் போர் அங்கேதான். அதனால் இரண்டாவது ஓட்டத்துக்கு ரஷிதத்! மூன்றாவது, நான்காவது ஆட்கள் காத்து நிற்கும் வரிசையும் அந்தந்த நேரத்தில்தான் முடிவாகும். ஓடி வரும் தோழி கடைசி 200 மீட்டருக்குள் நுழையும்போது எத்தனையாவது இடமோ, அந்த வரிசைப்படி உள்ளிருந்து வெளியே நிறுத்துவார்கள். பேட்டனைக் கைமாற்றக் கிடைப்பது 20 மீட்டர்.

இறுதியில் ஐரிஷ் அணி நால்வரின் நேரம் இதோ: சோஃபி பெக்கர் 51.02. ரஷிதத் 48.92. ஃபில் ஹீலி 50.82. ஷார்லீன் மாட்ஸ்லி 49.14. மொத்தம் 3 நிமிடம் 19.90 வினாடி, தேசிய சாதனை! பிரிட்டன் 3:19.72இல் வெண்கலத்தைத் தட்டிப் போனது. 0.18 வினாடி! மூன்றேகால் நிமிடத்துக்கும் மேலே ஓடிவிட்டு இந்த இடைவெளி! நான்காம் இடம் என்று ஒரே வரியில் முடித்த செய்திகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உலகின் மிகப் பெரிய மேடையில் அயர்லாந்துப் பெண்கள் இவ்வளவு வேகமாக அதற்கு முன்பு ஓடியதே இல்லை.

2025இல் காயம் குறுக்கே வந்தது. டோக்கியோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்கு முன்பே ரஷிதத் அந்தப் பருவத்தை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது என் பேராசையைச் சொல்கிறேன். மேலே இருக்கும் ரிலே நேரத்தை மறுபடி பாருங்கள், 48.92! ரிலேயில் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குவதால் தொடக்கத்தில் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். பிளாக்கிலிருந்து எழுந்து ஓடும் தனிநபர் ஓட்டத்தில் அவர் தொட்டிருப்பது ரோமின் 49.07தான். 49க்குக் கீழே இறங்க இன்னும் 0.08 வினாடி போதும். அதை அவர் ஓடி முடிக்கும் நாளில் ஐரிஷ் நேரம் எதுவானாலும் சரி, நான் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து பார்ப்பேன்!