தண்ணீர் வரவில்லை, மீட்டரோ சரி என்கிறது!

ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையோரம் நல்லார்பர் என்ற பெரிய சமவெளி இருக்கிறது. அதன் வழியே ஏர் நெடுஞ்சாலை போகிறது. பல்லடோனியா, கைகூனா என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே இந்தச் சாலையில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. வழியில் ஊர்களும் இல்லை. வெகு தூரத்துக்கு ஒன்றாக, எரிபொருளும் சாப்பாடும் கிடைக்கும் ரோடுஹவுஸ்கள் மட்டும் உண்டு. பல இடங்களில் செல்போன் எடுக்காது.

இந்தச் சாலையில் மோட்டார்ஹோம்கள் நிறைய ஓடுகின்றன. லாரி அல்லது வேனின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு குட்டி வீட்டையே கட்டியிருப்பார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். இப்படிப்பட்ட வண்டி நடுவழியில் மக்கர் செய்தால் மெக்கானிக் வந்து சேர நாளாகும். பெரும்பாலும் முதலில் உதவிக்கு வருவது இன்னொரு மோட்டார்ஹோம்காரர்தான்.

அவரை எப்படிக் கூப்பிடுவது? அங்கே பல வண்டிகளில், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள உதவும் சிபி ரேடியோ இருக்கும். அதன் சக்தி அதிகபட்சம் 5 வாட். அந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகக்கூடியவை. மலை குறுக்கிட்டால் மறைந்துவிடும். நல்லார்பரில் மலையே இல்லாததால் சில கிலோமீட்டர் தள்ளி வருகிற வண்டிக்கும் குரல் கேட்கும். 40ஆம் சேனல் லாரிக்காரர்களுடையது. மோட்டார்ஹோம்காரர்களும் கேரவன்காரர்களும் 18ஆம் சேனலில் பேசிக்கொள்வார்கள்.

இனி, ஒரு கோளாறைக் கற்பனை செய்துகொள்வோம். சாயங்காலம் சாலையோரம் ஒரு மோட்டார்ஹோம் நிற்கிறது. குழாயைத் திறந்தால் பம்பு முனகுகிறது, தண்ணீர் வரவில்லை. குழாயை மூடிவிட்டு, பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. நல்ல பேட்டரி! பம்புக்குப் போகும் ஒயரில் அளந்தால் அங்கேயும் 12.6. அப்படியானால் பம்புதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும், இல்லையா?

ரேடியோவில் கேட்டு வந்த இன்னொரு வண்டிக்காரர் பம்பைத் தொடக்கூட இல்லை. கேள்விதான் கேட்கிறார்.

“இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா?”

“ஆகிறது.”

“உள்ளே விளக்கு?”

“எரிகிறது. குழாயைத் திறந்தால் மட்டும் மங்கிவிடுகிறது.”

இந்த இரண்டு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மோட்டார்ஹோமில் இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்குத் தனியாக ஒரு பேட்டரி. வண்டி நிற்கும்போது ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இரண்டையும் பிரித்து வைக்கும். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டுமே, அதற்காக. இன்ஜின் கிளம்புகிறது என்பதால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். விளக்கும் பம்பும் சேர்ந்து தடுமாறுவதால், கோளாறு பம்புக்குள் இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான வழியில் எங்கோ இருக்க வேண்டும்.

“இதே மாடல்தான் எங்களுடையதும். படிக்கட்டுக்குப் பின்னால் எர்த் போல்ட்டு ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள்” என்கிறார் அவர். வண்டிகளில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவர பெரும்பாலும் தனி ஒயர் போடுவதில்லை. இரும்பு அடிச்சட்டமே திரும்பும் வழி. சட்டத்தையும் பேட்டரியையும் இணைக்கிற இடத்தைத்தான் எர்த் என்கிறார்கள். குலுங்கிக் குலுங்கி அந்த போல்ட்டு தளரும். கடற்காற்றின் உப்பு பட்டுத் துருப் பிடிக்கும்.

ஆனால் அவர் சொன்னது இப்போதைக்கு ஓர் ஊகம்தான். அவர் வண்டியில் நடந்தது இந்த வண்டியிலும் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அளந்து பார்க்கிறார்கள். இந்த முறை குழாயைத் திறந்து, பம்பை ஓடவிட்டு அளக்கிறார்கள். பேட்டரியில் 12.4 வோல்ட். பம்பிலோ வெறும் 9.4! நடுவில் 3 வோல்ட் எங்கே போனது? மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை அடிச்சட்டத்திலும் வைக்கிறார்கள். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 3 வோல்ட் காட்டுகிறது. ஊகம் சரி!

முதலில் அளந்தபோது மீட்டர் ஏன் இதைச் சொல்லவில்லை? அதற்கு ஓம் விதி பதில் சொல்லும். ஓர் இணைப்பில் இழக்கும் வோல்ட் என்பது அதன் தடையையும் ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. துருவால் 0.5 ஓம் தடை, பம்பு இழுப்பது 6 ஆம்பியர் என்றால், 6 × 0.5 = 3 வோல்ட். பம்பு ஓடாதபோது மின்னோட்டம் பூஜ்யம். 0 × 0.5 = 0. இழப்பே இல்லை! மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட நேரம்தான் சரியில்லை. 3 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் 18 வாட். அத்தனையும் அந்தப் போல்ட்டில் வெப்பமாகிறது. பம்பு கொஞ்ச நேரம் ஓடினால் போல்ட்டு சுடும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, போல்ட்டை எடுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்குகிறார்கள். குழாயில் தண்ணீர் பாய்கிறது.

நண்பர் யாரும் வராவிட்டால்? மின்சாரம் போகும் வழியில் 16 இணைப்புகள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நடுவில் ஓர் இடத்தில் அளந்தால் கோளாறு எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16, 8, 4, 2, 1. நான்கு முறை அளந்தாலே ஆளைப் பிடித்துவிடலாம்.

கழற்றுவதற்கு முன்னால் கேள்வி கேட்பதற்கு இன்னோர் உதாரணம், மோட்டார்ஹோமில் எனக்கு மிகவும் பிடித்த அதிசயமான அதன் ஃபிரிட்ஜ். பல வண்டிகளில் அது கேஸ் நெருப்பில் குளிர்கிறது! சுவீடனில் பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922இல் உருவாக்கிய முறை இது. அம்மோனியா கலந்த தண்ணீரை நெருப்பு சூடாக்கும். அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து, பின்புறக் குழாயில் குளிர்ந்து திரவமாகும். பிறகு ஃபிரிட்ஜுக்குள் போய் ஹைட்ரஜன் வாயுவோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும். அப்போது உள்ளே இருக்கும் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீரில் கரைந்து கீழே இறங்கிவிடும். இதில் மோட்டார் கிடையாது, பம்பும் கிடையாது. திரவத்தைக் கீழே இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே. அதனால் வண்டி மிகவும் சரிந்து நின்றால் திரவம் குழாயிலேயே தேங்கி, குளிர்வது நின்றுவிடும். ‘ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சு’ என்று புலம்புகிறவரிடம், அனுபவமுள்ள வண்டிக்காரர் முதலில் கேட்பது, “வண்டி சமமாக நிற்கிறதா?” என்றுதான். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து வண்டியைச் சமமாக்கிவிட்டு, சில மணி நேரம் பொறுத்துப் பார்ப்பார்கள்.

நீங்களும் கோளாறு கண்டுபிடித்துப் பழகலாம். வீட்டு மின்சாரத்திலும் கேஸிலும் கைவைக்கவே கூடாது. இரண்டு செல் போடும் டார்ச் ஒன்று போதும். உங்கள் நண்பனிடம் கொடுத்து, எங்காவது ஓர் இடத்தில் துண்டுக் காகிதத்தை ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு செல்லுக்கு நடுவில் வைக்கலாம், ஸ்பிரிங்கின் மேல் வைக்கலாம், பல்புக்கு அடியிலும் வைக்கலாம். உடனே எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். எங்கே இருக்கும் என்று முதலில் ஓர் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். அந்த ஒன்றை மட்டும் சோதியுங்கள். தப்பு என்றால் அடுத்த ஊகம். பிறகு நீங்கள் ஒளித்து வையுங்கள், அவன் தேடட்டும். யார் குறைந்த சோதனையில் கண்டுபிடித்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.