கணைய அறுவையும் குறுகிய தமனியும்

எங்கள் கம்மாபுரத்துப் பக்கம் வயல்வெளிகளில் ஒரு விந்தை காணலாம். வாய்க்காலின் தலைப்பு தூர்ந்துபோன பின்னும் அதன் கடைவயல்கள் பசுமையாகவே இருப்பதுண்டு. அண்டை வாய்க்காலிலிருந்து வரும் சிற்றோடை ஒன்று நீர் தந்துகொண்டிருக்கும். அவ்வோடையை அடைத்தால்தான் தலைப்பு தூர்ந்த செய்தி வெளிப்படும். நம் வயிற்றினுள்ளும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு.

பெருந்தமனி வயிற்றுக்குள் இறங்கியதும், முன்புறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரு பெருங்கிளைகள் பிரிகின்றன. மேற்கிளை கல்லீரல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிற்கும், கீழ்க்கிளை சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் இரத்தம் அளிக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் சிறு தமனிகள் கணையத்தின் தலையைச் சுற்றி வளைந்து செல்கின்றன. மேற்கிளையின் வாய் கொழுப்புப் படிந்தோ, உதரவிதானத்தின் நார்ப்பட்டை அழுத்தியோ குறுகுமாயின், கீழ்க்கிளையின் இரத்தம் இவ்வழியே மேலேறிக் கல்லீரலைக் காக்கின்றது. பலருக்கு இதனால் யாதொரு நோவும் தோன்றுவதில்லை; குறை இருப்பதே தெரியாது.

கணையத்தின் தலையில் புற்று தோன்றினால், அத்தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றையும் அகற்றுகின்றனர். பெர்லினில் வால்தர் கௌஷ் 1909-ஆம் ஆண்டில் இதற்கு வழிகாட்டினார். 1935-இல் தம் முறையை வெளியிட்ட நியூயார்க் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நம் பகுதிக்கு அண்மையில், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் இவ்வறுவை நடைபெறுகின்றது.

இதில் அந்த இணைப்புத் தமனியை வெட்டியே ஆகவேண்டும். மேற்கிளை குறுகியிருப்பவருக்கு அவ்வெட்டோடு கல்லீரலின் இரத்தமும் குன்றிவிடுகின்றது. கல்லீரல் திசுக்கள் மடியலாம், பித்தநாளத்தைக் குடலோடு தைத்த இடம் ஆறாமல் கசியலாம், சீழ் கட்டலாம். புற்று முழுவதும் நீங்கியும் நோயாளி உயிருக்குப் போராட நேரிடும்.

ஆகவே, அறுவைக்கு முன்பே சி.டி. படத்தில் மேற்கிளையின் வாயைப் பக்கவாட்டில் நோக்குகின்றனர். முன்னிருந்து பார்த்தால் குறுகல் எளிதில் புலப்படாது. அறுவை மேசையில் மற்றொரு சோதனையும் உண்டு. மிக எளிய சோதனை, ஆயினும் இதனையே நான் பெரிதும் மதிக்கிறேன். இணைப்புத் தமனியை வெட்டுமுன் இடுக்கியால் சற்றே பிடித்து, கல்லீரல் தமனியின் மேல் விரல் வைத்துப் பார்க்கின்றனர். துடிப்பு நீடித்தால் வெட்டலாம். அடங்கினால் நிறுத்தி, வேறு வழி காணவேண்டும். கொழுப்பினால் வந்த குறுகலானால் உள்ளே சிறு வலைக்குழாய் பொருத்தலாம். அல்லது வேறொரு நாளத்தைக் கொண்டு மாற்றுப்பாதை தைக்கலாம். நார்ப்பட்டையே காரணமாயின், அதனை அறுத்துவிட்டாலே போதும். பெரும்பாலும் விரலடியில் துடிப்பு அப்போதே மீள்கின்றது.