தீவுகளிலிருந்து வந்த இரண்டு படங்கள்

இலங்கைத் தமிழ் சினிமா என்று பேச்செடுத்தால், "அப்படி ஒன்று இருந்ததா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இருந்தது. அதன் முக்கியமான படங்களில் இரண்டு யாழ்ப்பாணத் தீவுகளோடு தொடர்புடையவை. ஒன்று 1977இல் வந்த 'பொன்மணி'. மற்றது 1978இல் வந்த 'வாடைக்காற்று'.

'பொன்மணி'யை எழுதியவர் காவலூர் இராசதுரை. ஊர்காவற்றுறையைத்தான் சுருக்கிக் காவலூர் என்பார்கள். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்கள சினிமாவின் போக்கை மாற்றியவர்களில் ஒருவரான அவர், அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார்.

கதை எளியது. சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு வெள்ளாளக் குடும்பம். மூத்தவளுக்கே கலியாணம் நடக்கவில்லை. இளையவள் பொன்மணி, சாதியில் குறைந்தவன் என்று ஊர் ஒதுக்கும் ஒருவனை விரும்பிப் போகிறாள். அதற்காக அவள் உயிரையே இழக்கிறாள்.

இந்தப் படத்தைக் கணினித் திரையில்தான் பார்த்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் மௌனம். சாதியைப் பற்றி யாரும் நீண்ட வசனம் பேசுவதில்லை. வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாதவற்றிலேயே அது இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் சாதி அப்படித்தான் இயங்குகிறது என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்குப் பழகிய ரசிகர்களுக்கு இந்த மெதுவான நடை ஒத்துவரவில்லை. படம் வசூலில் தோற்றது. ஆனால் பார்க்கக் கிடைக்கிறது. அதனால் அதைப் பற்றி இன்றும் வாதாட முடிகிறது.

'வாடைக்காற்று' வேறு வகை. செங்கை ஆழியானின் அந்த நாவலை 1973இல் வீரகேசரி வெளியிட்டது. கதை நடப்பது நெடுந்தீவில். வாடைக்காலம் தொடங்கியதும் வெளியூர் மீனவர்கள் வந்து கரையில் வாடி போடுகிறார்கள். அவர்களுக்கும் தீவு மக்களுக்கும் இடையே காதலும் பகையும் மூள்கின்றன. பிரேம்நாத் மொறாயஸ் இதைப் படமாக்கினார். பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரன், டொக்டர் இந்திரகுமார், கே.எஸ். பாலச்சந்திரன் ஆகியோர் நடித்தார்கள். நெடுந்தீவுக் கதை என்றாலும் படப்பிடிப்பு நடந்தது மன்னார் பேசாலையில்.

இந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்தவை நாவலும், படத்தில் பங்கேற்றவர்கள் எழுதிய நினைவுகளும்தான். நாவலை வாசித்தால் ஒரு கேள்வி எழுகிறது. அதில் காற்றும் கடலும் ஒரு பாத்திரம் போலவே வருகின்றன. காற்று மாறினால் தொழில் மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், உறவும் மாறுகிறது. இதைக் கமரா எப்படிக் காட்டியது? நாவலில் இல்லாத எதைச் சேர்த்தது? படத்தைப் பார்க்காமல் விமர்சனம் எழுத முடியாது.

அதே 1978இல் பத்திராஜவின் 'பம்பரு அவித்' வெளிவந்தது. கற்பிட்டிக் கரையில், வெளியாட்கள் வந்து குழம்பிப்போகும் ஒரு மீனவக் கிராமத்தின் கதை அது. கிட்டத்தட்ட அதே வித்து. இலங்கையின் சிறந்த படங்களைப் பட்டியலிடும்போது அதை இன்றும் சேர்க்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால், இரு மொழிச் சினிமாவும் ஒரே கடலை எப்படிப் பார்த்தன என்று பேசியிருக்கலாம்.

1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அந்த வன்முறையில் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகளும் அழிந்தன. தென்னிந்தியப் படங்களோடு போட்டி போட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறிய சினிமா, அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பிரதி கைக்கு வராத இடத்தில், பார்த்தவர்களின் நினைவுதான் மிஞ்சும். 1978இல் 15 வயதில் 'வாடைக்காற்று' பார்த்தவர்களுக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. எந்தக் காட்சியில் கொட்டகை கைதட்டியது, எங்கே சிரித்தது, நெடுந்தீவார் அதைத் தங்கள் ஊர் என்று ஏற்றார்களா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்றில்லை.