வலிக்காமலும் வரும் மாரடைப்பு!

மாரடைப்பு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சினிமாவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்வாரே, அந்தக் காட்சிதானே? உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பத்து, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறதா? அப்படியானால் அந்தக் காட்சியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அவருக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம்!

'ராத்திரி பூரா ஒரே அசதி. சட்டையெல்லாம் வேர்வை. வாயுதான்... ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்' என்பார். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

சர்க்கரை முற்றினால் பாதம் மரத்துப்போகும், செருப்பு கழன்றால்கூடத் தெரியாது என்பது பல வீடுகளில் தெரிந்த சங்கதி. அதே வேலையை அது இதயத்துக்குப் போகிற நரம்புகளிலும் காட்டுகிறது. இதயம் வலியால் கூப்பாடு போட்டாலும், சேதி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

இந்த நரம்புகள் நம் சொல் கேட்டு நடப்பவை அல்ல, தாமாகவே இயங்குபவை. இவற்றில் இரண்டு கட்சி உண்டு. பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டும் சாட்டை. மூளையிலிருந்து வயிறு வரை நீளும் வேகஸ் நரம்பு, இழுத்துப் பிடிக்கும் கடிவாளம். சர்க்கரை முதலில் கை வைப்பது பெரும்பாலும் நீளமான நரம்புகளில்தான். ஆகவே கடிவாளம் முதலில் தளர்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தொடுகிறது. (ரத்தசோகை, தைராய்டு கோளாறு, காய்ச்சலிலும் இப்படி ஆகும். நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்!)

பிறகு சாட்டையும் பழுதாகிறது. நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை மேலே தள்ள வேண்டும். அது நடக்காவிட்டால், நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு பிரஷர் 20 புள்ளியோ அதற்கு மேலோ சரிந்துவிடும். கண் இருட்டும், தலை சுற்றும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணம். பிராஸ்டேட் மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போதும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, 'படுக்க வைச்சு ஒரு தடவை, நிக்க வைச்சு ஒரு தடவை பிரஷர் பாருங்க டாக்டர்' என்று தைரியமாகக் கேளுங்கள். செலவில்லாத சோதனை!

இன்னொரு சோதனையும் சுலபமானதுதான். ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். மூச்சை இழுக்கும்போது நாடி ஏறும், விடும்போது இறங்கும். இந்த வித்தியாசம் 15-க்கு மேல் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் நரம்பில் சந்தேகம். வயது ஏறினால் இயல்பாகவே இது குறையும் என்பதால், வயதையும் கணக்கில் எடுத்துத்தான் டாக்டர் சொல்வார்.

'சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்துவிட்டால் ஆச்சு' என்கிறீர்களா? அங்கேதான் நிதானம் வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கட்டுப்பாடாக இருந்தால் நரம்பு பிழைக்கும். இளம் வயது இன்சுலின் நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 1993-ல் இதைக் காட்டியது. ஆனால், நடுத்தர வயதினரும் முதியவர்களுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 'அக்கார்டு' ஆய்வில், சர்க்கரையை மிகவும் தாழ்த்திய பிரிவில் இறப்பு கூடியதால், 2008-ல் அந்த முறையையே நிறுத்தினார்கள். நரம்பு கெட்டவருக்கு 'லோ சுகர்' வந்தால் படபடப்பும் நடுக்கமும்கூடச் சரியாகத் தெரியாது. எந்த அளவு பாதுகாப்பு என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திடீர் மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, வாந்தி, என்றுமில்லாத அசதி... சர்க்கரை உள்ள பெரியவருக்கு இதில் ஒன்று வந்தாலும் சோடா தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள். முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்றாலும், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கணுமா என்று கேளுங்கள். ஆபரேஷன் ஏதாவது வந்தால், எழுந்தால் தலை சுற்றுகிற விஷயத்தை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.