வயல் வேலை அவளுக்கு... பட்டா யார் பேருக்கு?

நடவு நேரத்தில் திருப்பரங்குன்றம் பக்கம், நிலையூர் கண்மாய்ப் பாசன வயல்களைப் பாருங்கள். நாற்றுமுடியோடு சேற்றில் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். களையெடுப்பும் அப்படியே. ஆனால் "இது யார் வயல்?" என்று கேட்டால், வீட்டுக்காரர் பெயரோ மாமனார் பெயரோதான் பதிலாக வரும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 100 சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் கையில் இருப்பவை சுமார் 14. பட்டாவில் பெயர் இருந்தால்தான் அரசுக் கணக்கில் விவசாயி. கணவர் இறந்தபின் பட்டா மாறாமல் கிடந்தால், பி.எம். கிசான் தரும் வருடம் 6,000 ரூபாயும் சிக்கல், பயிர்க்கடனும் சிக்கல்.

அடுப்படிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நெல் வயல் வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றினால் வீட்டுக்குப் பருப்பு ஆச்சு. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளும் அந்தச் செடிகளில் தங்கும். மருந்துச் செலவு குறையும். ஆனால் வரப்பில் எதை ஊன்றுவது என்பதைக்கூட நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தானே முடிவு செய்கிறார்! ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் இதே கதைதான். வளரும் நாடுகளின் பெண் விவசாயிகளுக்கு ஆண்களுக்கு இணையாக விதை, உரம், கடன் கிடைத்தால், அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும் என்று 2011-ல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு கணக்கிட்டது.

பெண்கள் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரையிலேயே ஆள் உண்டு. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, நிலக்காரர் அல்ல, விவசாயக் கூலி. வயல்காரர்களிடம் கூலி பேசிய அவர், களஞ்சியம் சேமிப்புக் குழுக்களால் கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்டார். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ.

சட்டம் நம் பக்கம்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே கொண்டு வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் 'சீர் செய்கிறார்களே' என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் போகவில்லை. அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை. போடும் முன் ஒருமுறை வக்கீலிடம் கேளுங்கள்.

கணவர் இல்லாதவர்கள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். புதிதாக நிலம் வாங்குகிறீர்களா? 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்து பெண் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. பத்திரம் எழுதும்போதே கேட்டு வாங்குங்கள்.