மூழ்கிய கண்டமா, உடைந்த கண்டமா? கன்னிவாடியிலிருந்து ஒரு திருத்தம்

கன்னிவாடியில் எங்க வீட்டு மொட்டைமாடியில் நின்று தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் தெரியும். தினமும் பார்க்கிற மலை என்பதால் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததே இல்லை. நான் தேடிக்கொண்டிருந்த கண்டம் குமரிக்குத் தெற்கே, கடலுக்கடியில் இருந்தது.

பி.இ. படிக்கும்போது ஹாஸ்டலில் லெமூரியா பற்றி விடிய விடியப் பேசியிருக்கேன். சில வருஷங்களுக்கு முன் அதை வைத்து ஒரு கட்டுரையும் எழுதினேன். தமிழகத்திலிருந்து மடகாஸ்கர் வரை ஒரு கண்டம் இருந்து மூழ்கிவிட்டது என்று அடித்துச் சொன்னேன். அது தப்பு. புரோகிராமில் பிழை தெரிந்தால் சரிசெய்து மறுபடி வெளியிடுவோம் இல்லையா? இந்தக் கட்டுரை அந்தத் திருத்தம்தான்.

லெமூரியா என்ற பெயரிலிருந்தே தொடங்குவோம். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர் அது. லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் ஏராளமாக இருக்கிறது. அதன் உறவுக்கார விலங்குகள் கடல் தாண்டி இந்தியாவிலும் இருக்கின்றன. நடுவில் நிலம் இருந்திருந்தால்தானே இது சாத்தியம் என்று அவர் யோசித்தார். அந்த உறவுக்காரர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம்ம தேவாங்கு! திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்களே, அதே தேவாங்குதான்.

பிறகு தமிழறிஞர்கள் பலர், சிலப்பதிகாரம் சொல்லும் கடல்கோளையும் இந்த லெமூரியாவையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். குமரிக்கண்டம் அப்படித்தான் உருவானது.

சரி, ஒரு கண்டம் கடலில் மூழ்க முடியுமா? கண்டங்களின் பாறை எடை குறைந்தது. கடல்தரையின் பசால்ட் பாறை அதைவிட அடர்த்தியானது. தண்ணீரில் மரக்கட்டை மிதப்பது மாதிரி, கண்டங்கள் பூமியின் உள்ளடுக்கின் மேல் மிதந்து நிற்கின்றன. அவ்வளவு பெரிய நிலப்பரப்பு மூழ்கியிருந்தால் இந்தியப் பெருங்கடலின் தரை முழுக்கக் கண்டப் பாறை கிடைக்க வேண்டும். கிடைப்பதோ பெரும்பாலும் பசால்ட். அதுவும் நிலங்கள் விலக விலக இடையில் புதிதாக உருவானது.

ஆக, நிலம் மூழ்கவில்லை, விலகியது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃப்ரெட் வெகெனர் 1912இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1960களில் கடல்தரை ஆய்வுகள் வந்த பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றாக இருந்த அந்தப் பெரும் நிலத்துக்குப் பெயர் கோண்டுவானா. நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியிலிருந்து வந்த பெயர். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டது. அப்புறம் வடக்கே ஓடி, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. இமயமலை எழுந்தது அந்த மோதலில்தான்.

லெமூர்கள் மடகாஸ்கருக்கு எப்படிப் போயின? மிதந்து வந்த மரங்களில் தொற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கலாம் என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம். ஸ்கிளேட்டரின் கேள்வி நல்ல கேள்வி. பதில்தான் தவறிவிட்டது.

இப்போது மொட்டைமாடிக்குத் திரும்பி வருவோம். பழனி மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கருங்கல். இதன் மாதிரிப் பாறை சென்னை பரங்கிமலையில் இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் உள்ள கல்லும் இதே வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். இதே வகைப் பாறை இலங்கையிலும், மடகாஸ்கரிலும், கிழக்கு அண்டார்டிகாவிலும் உண்டு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா ஒன்றுகூடியபோது பாறைகள் பட்ட வெப்பத்தின் தடயம் இந்த நான்கு இடங்களிலும் பதிந்திருக்கிறது. கிழிந்த காகிதத்தின் துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பது மாதிரி!

அப்போ கடல்கோள் வெறும் கற்பனையா? அப்படியும் சொல்ல மாட்டேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறியபோது கரையோர நிலங்கள் போயின. ஊர்களைக் கடல் கொண்டதன் நினைவு பாட்டில் தங்கியிருக்கலாம். ஆனால் கரையை இழப்பது வேறு, கண்டத்தை இழப்பது வேறு.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இல்லாத கண்டத்துக்காக இவ்வளவு வாதாடினேன். இருக்கிற கண்டத்தின் துண்டு ஜல்லியாக உடைந்து லாரியில் போவதைப் பார்த்தும் அது என்னவென்று தெரியாமல் இருந்தேன். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து சார்னோகைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. மற்ற இடங்களில் அதே கல் லோடு கணக்கில் விற்பனை. வீடு கட்டாமல் இருக்க முடியாது, எங்க வீடும் அந்த ஜல்லியில்தான் நிற்கிறது. ஆனாலும் எந்த மலையை உடைக்கிறோம், எதை விட்டுவைக்கிறோம் என்று கேட்க, முதலில் அது என்னவென்று தெரிய வேண்டும்.

அடுத்த முறை தெருவில் ஜல்லி கொட்டிக் கிடந்தால், ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பாருங்க. பச்சை கலந்த கருப்பு நிறத்தில், எண்ணெய் தடவின மாதிரி மினுமினுத்தால் அது சார்னோகைட்டாக இருக்கலாம். இதன் சொந்தக்காரக் கல் அண்டார்டிகாவில் பனிக்கடியில் கிடக்கிறது.