பல்லைக் கடித்துக்கொண்டு மலை ஏறும் ரெயில்!

"தாத்தா! ரெயில் பின்னால் உருண்டு விட்டால் என்ன செய்வது?"

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரெயில் புறப்பட்டதும், எதிரே இருந்த சிறுவன் கேட்டான். காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கத்துப் பையன். ஏரியும் வயலும் பார்த்து வளர்ந்தவன். ரெயில் பாதையே இல்லாத ஊர் அது.

தாத்தா பதில் சொல்லவில்லை. அவருக்கும் அதே பயம்தான்!

பல் பட்டை

பயத்துக்குக் காரணம் உண்டு. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியோ 2,203 மீட்டர்! இடையே உள்ள தூரம் 46 கிலோ மீட்டர்.

கல்லாறு தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். சில இடங்களில் 12 அடி போனால் 1 அடி உயர வேண்டும். சாதாரண ரெயில் என்றால் சக்கரம் வழுக்கிவிடும்.

ஆகவே கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்து இருக்கிறார்கள். என்ஜினுக்கு அடியில் உள்ள பல் சக்கரங்கள் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறுகின்றன. ஒரு பட்டையின் பல்லை விடும்போது, மற்றதன் பல் பிடித்துக்கொள்ளும். பிடி விடுவதே இல்லை!

சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. 1899-ல் குன்னூர் வரை ரெயில் வந்தது. 1908-ல் ஊட்டியை எட்டியது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

என்ஜின் எங்கே?

சிறுவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். முன்னால் என்ஜினைக் காணோம்!

ஆம். நீராவி என்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது. இறங்கும்போதும் அது கீழ்ப்பக்கம்தான் இருக்கும். பெட்டி ஏதும் கழன்றால் தாங்கிக்கொள்ளவே இந்த ஏற்பாடு. பெட்டிக்குப் பெட்டி பிரேக் போடவும் ஊழியர் உண்டு.

இதைக் கேட்டதும் தாத்தாவின் முகம் மலர்ந்தது.

"அந்தக் காலத்தில் நெல் மூட்டை வண்டியை ஏரிக்கரையில் ஏற்றுவோம். சக்கரத்துக்குப் பின்னால் ஓர் ஆள் கட்டை போட்டுக்கொண்டே வருவான். அதே வேலைதான்டா இது!" என்றார்.

பயம் பறந்தது. ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜின் தண்ணீர் குடித்தது. சிறுவன் குரங்குகளை வேடிக்கை பார்த்தான். குன்னூரில் டீசல் என்ஜின் மாட்டினார்கள். சுமார் 5 மணி நேரத்தில் ஊட்டி!

நீங்களும் போகலாம்

சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரசில் ஏறினால், காலையில் மேட்டுப்பாளையம். மலை ரெயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரெயில் ஓடாது. விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஊட்டியில் இறங்கியதும் சிறுவன் சொன்னான்:

"திரும்பும்போதும் இதிலேயே போவோம், தாத்தா!"